விழுந்ததும் எழுந்து சிரித்தவள்

முத்தாரம்மாள் என்ற பெயரைத் திருவனந்தபுரத்தில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அது குலசேகரன்பட்டினத்து அம்மனின் பெயர். அங்கிருந்து கட்டட வேலைக்கு வந்த அவள் அப்பா, மகளைக் கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்திலிருந்த பள்ளியில் சேர்க்கப் போனபோது, டீச்சர் அந்தப் பெயரை இரண்டு தடவை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "முத்து போதும், அல்லே?" என்றாராம். அன்றிலிருந்து முத்து. விளையாட ஆரம்பித்த பிறகு முத்துச் சேச்சி. இப்போது முத்து மிஸ்.

பத்தாம் வகுப்புக்குள் அவள் வகுப்பிலிருந்த பையன்களைவிட அகலமாக வளர்ந்துவிட்டாள். குண்டெறிதலில் மாவட்டத்தில் ஜெயிப்பாள், மாநிலத்தில் தோற்பாள். அப்படித் தோற்ற ஒரு நாளில்தான் மைதானத்துக்கு வந்திருந்த ஒருவர் குண்டெறிகிற பெண்களை ஓரமாகக் கூப்பிட்டு, இரண்டு முனையும் கூம்பின ஒரு பந்தைக் கையில் கொடுத்தார். இந்த ஆட்டத்துக்குப் பெயர் ரக்பி என்றார். பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடி வருகிறவளை இடுப்போடு கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். அதற்கு டாக்கிள் என்று பெயர். முத்துவுக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. கேரளப் பெண்கள் அணிக்காக ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகளில் புவனேஸ்வரத்துக்கும் புனேக்கும் போய் ஆடினாள். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. தோள்பட்டை ஒருமுறை நழுவியது. அதெல்லாம் போகட்டும் என்று இருந்தாள்.

பிறகு கல்யாணம். கணவன் நெல்லையப்பன் தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகள் மீனு ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் பெற்றோர் தமிழில் கேட்டால் அவள் பாதி மலையாளத்தில் பதில் சொல்வாள்.

முத்துவுக்கு வேலை கிடைத்தது விதுராவுக்கு அப்பால், கல்லாறு போகிற வழியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில். உடற்பயிற்சி ஆசிரியை, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். தம்பானூர் பஸ் நிலையத்தில் ஏறினால் நெடுமங்காடு தாண்டி வளைந்து வளைந்து போகிற பயணம். அந்தப் பள்ளியில் அவள் ஒரு ரக்பி அணியை உண்டாக்கினாள். அதில் பாதிப் பெண்கள் பொன்முடித் தேயிலை எஸ்டேட்டின் லயங்களில், வரிசையான தொழிலாளர் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். காலையில் மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்களுக்கு அன்று பள்ளிக்கூடமே கிடையாது. ஆனால் மலையேறி வளர்ந்த கால்கள், ஓடினால் நிற்காது. அவர்களில் ஷில்பா என்கிற பெண்ணின் டாக்கிளைப் பார்த்தால் முத்துவுக்குத் தன் பழைய உடம்பு ஞாபகம் வரும். ஷில்பாவின் அம்மா கொழுந்து பறிக்கிறவள். மாவட்டப் போட்டியில் தேர்வாளர்கள் கண்ணில் பட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பும் சாப்பாடும் அங்கேயே. அந்த வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்த வருஷம் மழை தொடங்கிய பிறகு ஒரு மாலைப் பயிற்சியில் அது நடந்தது. டாக்கிள் பழகுவதற்கு இருந்த பஞ்சு மெத்தை கிழிந்து, ஈரத்தில் நாறிப்போயிருந்தது. "என்மேலேயே மோது, பாப்போம்" என்று முத்து நின்றாள். ஷில்பா வந்து மோதினாள். தோள் சரியான இடத்தில்தான் பட்டது. ஆனால் செம்மண் வழுக்கியது. முத்து மல்லாந்து விழுந்து, பின்னந்தலை தரையில் அடித்தது.

கொஞ்ச நேரம் வானம் மட்டும் இருந்தது. யாரோ "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது தன்னைத்தான் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு எழுந்து நின்றாள். சுற்றி நின்ற முகங்கள் வெளுத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணும் ஆகலை. இப்படித்தான் மோதணும்" என்று ஷில்பாவின் முதுகில் தட்டினாள். மறுநாளும் பயிற்சிக்கு வந்தாள்.

அதன் பிறகுதான் தலைவலி. காலையில் கண் திறக்கும்போதே உட்கார்ந்திருக்கும். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது மூளை தனியாகத் திரும்புவதுபோல இருக்கும். வீட்டில் டியூப்லைட்டைப் போட்டால் கண்ணுக்குள் ஊசி. நெல்லையப்பன் வேலை முடிந்து வந்தால் அவர் சட்டையிலிருக்கும் எண்ணெய் வாடைக்கு வயிறு புரளும். இத்தனை வருஷமாக அந்த வாடையோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"என்னத்துக்கு இருட்டுல உக்காந்திருக்க?" என்று கேட்டார் அவர்.

"லைட்டு கண்ணைக் குத்துது."

"மழைல நனைஞ்சுட்டு ஜன்னலோரமா உக்காந்து வந்தா வேற என்ன வரும்? நீர் கோத்திருக்கும். இரு, சுக்குப் போட்டு காப்பி தாரேன்."

சுக்குக் காப்பி வந்தது. நெற்றியில் தைலமும் தேய்த்துவிட்டார். மீனு ஒருநாள், "அம்மா, இப்பத்தானே சொன்னேன், மறந்துட்டியா? எந்து பற்றி அம்மாக்கு?" என்று எரிச்சலோடு கேட்டாள். என்ன ஆச்சு என்று முத்துவுக்கே தெரியவில்லை. அன்று பாத்திரம் கழுவும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் பயிற்சி வகுப்புக்கான அறிவிப்பு வந்தது. ரக்பி கோச்சுகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, சனி ஞாயிறு, நகரத்தில் ஒரு கல்லூரியில். இனிமேல் அந்தச் சான்றிதழ் உள்ள கோச் இல்லாத அணியை மாவட்டப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். பிரின்சிபால் அனந்த் சார் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"டீச்சரே, அணி போகலைன்னா மேனேஜ்மெண்டுக்கு நம்மகிட்ட ரக்பி எதுக்குன்னு தோணும். அப்புறம் உங்க ஒப்பந்தமும் கஷ்டமாயிரும். போயிட்டு வாங்க, கேட்டோ?"

போனாள்.

சனிக்கிழமை முழுக்க வகுப்பறையில். சொல்லிக்கொடுத்தவள் மாளவிகா, கோழிக்கோட்டிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட், தானும் ரக்பி ஆடியவள். மலையாளத்தில் வேகமாகப் பேசினாள். புரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் மாறி மாறி விழுந்தது. முத்து ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் படாமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். பக்கத்தில் கிரீஷ் என்று ஒரு பெரிய உடம்புக்காரன். நெய்யாற்றின்கரையில் பையன்கள் அணிக்குக் கோச். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான், கேட்காமலே.

வெயில் தாக்குவது, வாய்க்காப்பு போடுவது, கழுத்தெலும்பில் அடிபட்டவரை எப்படித் தொடக் கூடாது என்பது எல்லாம் போய், மத்தியானத்துக்குப் பிறகு மாளவிகா தலையடிக்கு வந்தாள். கன்கஷன். அடியிலோ குலுக்கலிலோ மூளைக்குள் ஏற்படும் அதிர்ச்சி.

"மயக்கம் போட்டு விழணும்னு இல்ல" என்றாள் மாளவிகா. "நிறையப் பேருக்கு மயக்கமே வராது. எழுந்து நிப்பாங்க. ஒண்ணுமில்லைன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை நம்பாதீங்க."

முத்துவின் கைகள் மடியில் அசையாமல் இருந்தன.

"அப்புறம் வரும். வெளிச்சம் பிடிக்காது. சத்தம் பிடிக்காது. குமட்டும். சொன்னது மறந்துபோகும். சும்மா உக்காந்திருக்கும்போது அழுகை வரும். வீட்டுல இருக்கிறவங்க, இவளுக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க."

தன் வீட்டுக்குள் வந்து, தான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போன ஒருத்தி பேசுவதுபோல முத்துவுக்கு இருந்தது. அது நீர்க்கோவை இல்லை, மழையில் நனைந்ததால் வந்தது இல்லை. அதற்குப் பெயர் இருக்கிறது. இத்தனை நாள் தேடிய பதில் கிடைத்ததில் ஒரு விநாடி ஆறுதல்கூட வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது.

"சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை விட்டு வெளிய உட்கார வைங்க. முழுசா ஆறாம மைதானத்துல இறக்காதீங்க. ஆறுறதுக்கு முன்னாடி இன்னொரு அடி பட்டா, அது எங்க கொண்டுபோய் விடும்னு யாராலயும் சொல்ல முடியாது."

கிரீஷ் கை தூக்கினான். "மேடம், அடிபட்டது கோச்சுக்குன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். "கோச்சுக்கும் மூளை இருக்கும்னுதான் நம்பறேன்" என்றாள் மாளவிகா. மறுபடி சிரிப்பு. "சீரியஸா சொல்றேன். அதே விதிதான். வெளிய."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாள் மைதானப் பயிற்சியில் அவளை இறக்கமாட்டார்கள். இறங்காதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. அடுத்த வகுப்பு வேறு ஊரில், எப்போது என்றே தெரியாது. அதற்குள் மாவட்டப் போட்டி முடிந்துவிடும். ஷில்பாவுக்கு விடுதி இல்லை, தனக்கு வேலை இல்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கும் சான்றிதழை வாங்க வேண்டுமென்றால், அந்த வகுப்பு சொல்லிக்கொடுத்த முதல் விதியை அவள் மீற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தூணோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழைவிட்ட வெயில். புல்லிலிருந்து ஆவி எழுந்தது. முதலில் அடிபட்டவரைத் தூக்கும் பயிற்சி, பிறகு டாக்கிள் பயிற்சி என்று மாளவிகா சொன்னாள். "அடிபட்டவரா படுக்க ஒரு ஆள் வேணும்."

முத்து மற்றவர்களுக்கு முன்னால் கை தூக்கிவிட்டாள். படுத்திருந்தால் யாரும் மோதமாட்டார்கள். அந்த நேரமாவது தள்ளிப்போகுமே என்பதுதான் கணக்கு.

படுத்தாள். கிரீஷ் அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். கழுத்து அசையாமல் இருப்பதற்கு அதுதான் முறை.

"தலைய அசைக்காதீங்க, சேச்சி. ஆமா இல்லைன்னுகூட ஆட்டக் கூடாது. வாயால மட்டும் சொல்லணும்."

சூரியன் நேராகக் கண்ணில் இறங்கியது. முகத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மூடினால், "கண்ணைத் திறந்து வைங்க, பாக்கணும்" என்றாள் மாளவிகா. தோளில், இடுப்பில், முழங்காலில் ஆட்கள் கைவைத்தார்கள். எண்ணிக்கை சொல்லி எல்லாரும் சேர்ந்து அவளை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டினார்கள். வானம் ஒருபக்கமாகச் சரிந்தது. வாய்க்குள் எச்சில் ஊறி நிறைந்தது. விழுங்கினாள். திரும்பவும் மல்லாக்க வைத்தார்கள்.

"இப்ப கேள்வி. யாராவது கேளுங்க. நினைவு தெளிவா இருக்கான்னு பாக்கணும்."

"நாம இப்ப எந்த மைதானத்துல இருக்கோம்?" என்று ஒருவன் கேட்டான்.

முத்துவுக்குத் தெரியும். தெரிந்ததை எடுத்து வாய்க்குக் கொண்டுவர நேரம் பிடித்தது. சொன்னாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

அங்கே ஒன்றும் இல்லை. நெல்லையப்பன் எதையோ தட்டில் வைத்தார். அது இன்றைக்கா? "ஞாபகம் இல்லை" என்றாள்.

"டிசம்பர்லேருந்து மாசங்களைப் பின்னால சொல்லுங்க."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." அதற்கு அப்புறம் இருட்டு. "ஆகஸ்ட்" என்றாள். பிறகு, "அக்டோபர்" என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "சேச்சி, சினிமாவுல நடிக்கப் போகலாம்!" என்று ஒருவன் சொன்னான். மாளவிகாவும் சேர்ந்து கைதட்டினாள். "பாத்தீங்களா, பதில் எவ்வளவு மெதுவா வருதுன்னு? இதைத்தான் கவனிக்கணும். முத்து நல்லா செய்றாங்க."

அந்தக் கைதட்டலுக்கு நடுவில், முகத்துக்கு மேல் கிரீஷின் முகம் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. அவன் கைதட்டவில்லை, அவன் கைகளில்தான் அவள் தலை இருந்தது.

டாக்கிள் பயிற்சிக்கு மாளவிகா ஜோடி பிரித்தபோது, கிரீஷ் தானாகவே முத்துவின் பக்கம் வந்து நின்றான். பந்தை வாங்குகிற சாக்கில் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "அது நடிப்பில்லையே, சேச்சி?"

முத்து பந்தை அவன் கையில் கொடுத்தாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. இது இல்லைன்னா வேலை போயிரும்."

"எப்ப அடிபட்டது?"

"இப்பத்தான். மழை தொடங்கினப்ப."

கிரீஷ் மாளவிகா இருந்த பக்கம் பார்த்தான். பிறகு, "பயப்படண்டா. தோளை மட்டும் கொண்டுவாங்க. நானே விழுந்துடறேன்" என்றான்.

அவன் ஓடிவந்தான். அவள் தோள் அவன் இடுப்பைத் தொட்டதும் அவனாகவே சாய்ந்தான். விழும்போது அவள் தலை தரையில் படாதபடி தன் கையைக் கீழே வைத்துக்கொண்டான். மறுபடியும் ஓடிவந்தான், மறுபடியும் விழுந்தான். தூரத்திலிருந்து பார்த்த மாளவிகா, "முத்து, அழகா இருந்தது!" என்று கத்தினாள். முத்துவுக்கு அந்தச் சத்தமும் வலித்தது.

போகும்போது கிரீஷ் சொன்னான்: "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நாளைக்கே டாக்டரைப் பாக்கணும், சேச்சி."

அவள் பார்க்கவில்லை. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்வார். ஓய்வு என்றால் விடுப்பு. விடுப்பு என்றால் ஏன் என்று கேள்வி. பள்ளியின் வாட்ஸப் குழுவில் சான்றிதழோடு அவள் படம் வந்தது. கைகூப்பும் பொம்மைகளும் பூங்கொத்துகளும் வந்து விழுந்தன. அனந்த் சார் காலை அசெம்பிளியில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, இனி நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முத்து டீச்சர் பொறுப்பு என்றார். மைக் கீச்சிட்டது. முத்து மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே பெண்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். டாக்கிள் செய்யும்போது தலை எந்தப் பக்கம் போக வேண்டும், அடிபட்டவளை யார் தொட வேண்டும், என்னென்ன கேள்வி கேட்க வேண்டும். பொன்முடிப் பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பஸ்ஸில் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். மாசங்களைப் பின்னாலிருந்து யார் வேகமாகச் சொல்வது என்று பந்தயம். ஷில்பாதான் எல்லாரையும்விட வேகம்.

மாவட்டப் போட்டி நெருங்கியிருந்த நேரம். பயிற்சியில் ஷில்பா ஒரு டாக்கிளுக்குக் குனிந்தபோது, ஓடிவந்தவளின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தாள். முத்து விசில் ஊதிக்கொண்டே ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் ஷில்பா எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

முத்து அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்விகளைக் கேட்டாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. டிசம்பர் முதல் ஜனவரி வரை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். இருந்தும் முத்து அவளை அன்று திரும்ப இறக்கவில்லை.

மறுநாள் காலை ஷில்பா வகுப்புக்குப் போகாமல் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பையை நெற்றிக்கு மேல் பிடித்திருந்தாள், வெயிலே இல்லாத இடத்தில். டிபன் டப்பா திறக்காமல் இருந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. முத்துவுக்கு அதெல்லாம் உள்ளேயிருந்து தெரியும்.

"மேட்ச்ல நீ இல்லை, ஷில்பா."

"எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னேன்ல, மிஸ்?"

"நீ மனப்பாடம் பண்ணினதைச் சொன்ன."

ஷில்பா பையைக் கீழே வைத்தாள். கண் சுருங்கியது. "நான் மோதி நீங்க விழுந்தீங்கல்ல, மிஸ்? அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு உறக்கமே வரலை. மறுநாள் நீங்க சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. ஒண்ணும் ஆகலைன்னீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? அப்ப எனக்கு மட்டும் எப்படி ஆகும்?"

முத்து கீழே இருந்த பையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "போய்ப் படு. அம்மாவை வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அம்மா மறுநாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். அனந்த் சாரின் அறையில் நாலு பேரும் இருந்தார்கள். சார் முத்துவிடம்தான் பேசினார்.

"பொண்ணே ஒண்ணுமில்ல, குழப்பமில்லைன்னு சொல்லுது. கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுச்சு. சர்டிபிகேட் உள்ள கோச் நீங்க, நீங்க ஓகேன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

"சந்தேகம் இருந்தா இறக்கக் கூடாது, சார்."

"சந்தேகம் யாருக்கு? உங்களுக்கு மட்டும்தானே?"

ஷில்பாவின் அம்மா அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். "மிஸ்ஸு, இப்ப எடுக்கலைன்னா மறுபடி எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிருமே."

அது உண்மை. இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் 'சரி' என்ற ஒரே ஒரு சொல் போதும், அவள் அதைச் சொன்னால் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் காரணம் வேண்டும். அவளிடம் இருந்த ஒரே காரணம் அவள் தலைக்குள் இருந்தது.

"சார், எனக்கும் அது இருக்கு" என்றாள். "இவ மோதி நான் விழுந்த நாள்லேருந்து. நான் மறைச்சுட்டேன். லைட்டைப் பாக்க முடியலை. பஸ்ஸுல வாந்தியை அடக்கிட்டு வாரேன். என் மக சொல்றது எனக்கு மனசுல நிக்கலை. இவளைப் பாத்ததும் தெரிஞ்சது அதனாலதான்."

அனந்த் சார் சிரிக்க முயன்றார். "டீச்சரே, நல்லாத்தானே இருக்கீங்க."

"மாசத்தைப் பின்னாலேருந்து சொல்றேன், கேளுங்க."

டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றுபோனாள். கொஞ்சநேரம் முயன்றாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஷில்பா மேஜையின் மூலையைப் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா மகளின் தலையில் கைவைத்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முத்து மாளவிகாவுக்கு போன் செய்து, மாசங்களை மறந்தது நடிப்பில்லை என்பதையும், டாக்கிள் பயிற்சியில் தான் ஏமாற்றியதையும் சொன்னாள். மாளவிகா, "நான் கைதட்டினேனே, முத்து" என்று மட்டும் சொன்னாள். சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. கிரீஷின் பெயரை முத்து சொல்லவில்லை. அவனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது. அவன் சான்றிதழை விட்டுவைத்தார்கள், நல்ல திட்டு கிடைத்த பிறகு. போட்டியன்று முத்துவின் அணிக்குக் கோச்சாக அவன்தான் வந்து நின்றான். அணி முதல் சுற்றிலேயே தோற்றது. தேர்வாளர்கள் வேறு பள்ளிப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள்.

மெடிக்கல் காலேஜில் டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்றார். ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை, வெளிச்சத்துக்குக் கண்ணைப் பழக்குவது. உடம்போடு உடம்பு மோதும் எந்தப் பயிற்சியிலும் இனி அவள் நிற்கவே கூடாது. அறிக்கையைப் பார்த்த நெல்லையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேனே நான்" என்றார். அன்றிலிருந்து ஓட்டல் சட்டையைக் குளியலறையிலேயே கழற்றிவிட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வருகிறார். ஜன்னலுக்கு மீனுவின் பழைய போர்வையைத் திரையாகப் போட்டார்கள். பல வாரங்கள் முத்துவுக்கு அந்த அறைதான் உலகம். வெளியே போகிற பஸ்களின் சத்தத்தை வைத்துத்தான் நேரம் தெரியும். சில நாள், சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றும் படுத்துக்கொண்டே யோசித்தாள். ஷில்பா போன் செய்யவில்லை. முத்து செய்த போனையும் எடுக்கவில்லை.

பள்ளி அவளை உடனே நிறுத்தவில்லை. வருஷ நடுவில் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். திரும்பி வந்தபோது அவளுக்குக் கொடுத்தது பிரேயர், டிரில், சின்ன வகுப்புகளின் ஓட்டம். ரக்பி சனிக்கிழமை மட்டும். அதுவும் கிரீஷ் வந்து மோதிக் காட்ட, அவள் ஓரத்தில் நின்று சொல்ல வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று அனந்த் சாரிடம் கேட்டாள். மேனேஜ்மெண்ட் பார்க்கும் என்றார். இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

மழைக்காலத்தில் தலைவலி வருகிறது. மாசங்களைப் பின்னாலிருந்து இப்போது சொல்லிவிடுகிறாள், மெதுவாக. விசில் மட்டும் முடியவில்லை; ஊதினால் அந்தக் கூர்மை பின்னந்தலையில் போய் நிற்கிறது. அதனால் பயிற்சியில் அவள் கையை உயர்த்துவாள். கை உயர்ந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். பெண்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

மழைவிட்ட ஒரு சனிக்கிழமை பொன்முடி பஸ்ஸிலிருந்து ஷில்பா இறங்கினாள். டாக்டர் ஆடலாம் என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. அவளாக வராமல் இருந்தாள். விடுதிக்கான வயது போய்விட்டது. எதற்காக வந்தாள் என்று முத்து கேட்கவில்லை. ஷில்பாவும் ஒன்றும் பேசாமல் ஷூவைக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். பந்து கைமாறி ஓடியது. இரண்டு பேர் தவறான கோணத்தில் மோதப் போனார்கள். முத்து கையைத் தூக்கினாள். முன்னாலிருந்தவர்கள் நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

ஷில்பா திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. பின்னாடி உள்ளவங்களுக்குத் தெரியலை."